சனிக்கிழமை ஆனால் ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்றே நிற்கும் வைஃபை (கொடைக்கானல், 12 அறை காட்டேஜ்)

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, காலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் ஒரு காட்டேஜ் நடத்துகிறேன். கீழே பழைய கல் வீட்டில் 7 அறை, மேட்டில் புதிதாகக் கட்டியது 5 அறை. இ-பாஸ் வந்த பிறகும் மே மாதச் சனிக்கிழமையில் அறை காலி இருப்பதில்லை. அந்த வகையில் குறையில்லை. குறை வைஃபையில்.

வார நாளில் நன்றாக ஓடும். சனிக்கிழமை மதியம் புது ஆட்கள் வந்து இறங்கியதும் ஆரம்பிக்கும். பாஸ்வேர்டு போடுகிறார்கள், ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று வருகிறது, சுற்றிக்கொண்டே நிற்கிறது, அறுந்துவிடுகிறது. அதே நேரத்தில் என் போனிலும் கவுன்டர் கணினியிலும் நெட் பறக்கிறது. வெளியே மூடுபனி, உள்ளே நெட் இல்லை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருத்தர் ரிவியூவே எழுதிவிட்டார்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறு யாருக்காவது கட்டாகிறது. இன்னொரு விசித்திரம்: ராத்திரி ஒரு மணிக்கு மேல் யாரும் தொடாமலே சரியாகிவிடுகிறது. நெட் கொடுப்பவர்களிடம் கேட்டால், "லைனில் ஒன்றும் இல்லை சார், பிளானை ஏத்துங்க" என்கிறார்கள். ஏற்றிவிடலாமா?

பி.கு. சில சனிக்கிழமைகளில் சிசிடிவியும் போனில் தெரிவதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

பூண்டுச்செடி | ஞாயிறு, காலை 7:25

பூம்பாறையிலிருந்து ஒரு யோசனை. ‘டிஜிட்டல் விரதம்’ என்று போர்டு வைத்து வாடகையில் ஐந்நூறு கூட்டிவிடுங்கள் அண்ணே.

வத்தலக்குண்டு_வயர்மேன் | ஞாயிறு, காலை 8:05

அண்ணே, பிளானை ஏத்தாதீங்க. ரோடு அகலம்தான், கேட்டில் டோக்கன் தீர்ந்துபோச்சு. ரவுட்டர் செட்டிங்கில் டிஹெச்சிபி என்று ஒரு பக்கம் இருக்கும், உள்ளே வர்ற ஒவ்வொரு போனுக்கும் ஐபி முகவரி என்கிற நம்பரைக் கொடுக்கிற வேலை அதோடது. அதில் மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க: ஸ்டார்ட் ஐபி, எண்ட் ஐபி, லீஸ் டைம். சிசிடிவி பெட்டிக்கு என்ன ஐபி போட்டிருக்கு என்பதும் வேணும். சம்பந்தம் இருக்கோ இல்லையோ, பார்த்துடுவோம்.

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, காலை 8:40

ரவுட்டர் 192.168.1.1. ஸ்டார்ட் 192.168.1.100, எண்ட் 192.168.1.149. லீஸ் டைம் 1440 நிமிடம். கேமரா போட்டவர் எழுதிக் கொடுத்த சீட்டில் 192.168.1.120 என்று இருக்கிறது. பில் பிரிண்டர் 192.168.1.130. ரவுட்டரில் உள்ளதெல்லாம் அது வரும்போதே இருந்தது, நான் எதையும் மாற்றவில்லை.

வத்தலக்குண்டு_வயர்மேன் | ஞாயிறு, காலை 9:30

மாற்றாததுதான் பிரச்சினை. நீங்க லாட்ஜ்காரர், உங்க பாஷையிலேயே சொல்றேன்.

100 முதல் 149 வரை என்றால் 50 முகவரி. அதாவது 50 சாவி. ஒரு போன் வைஃபைக்குள் வந்ததும் "சாவி கொடுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கூவும். ரவுட்டர் "இந்தா, 107 இருக்கு" என்று நீட்டும். போன் "சரி, அதையே எடுத்துக்கிறேன்" என்று சொன்னதும், ரவுட்டர் "எழுதிட்டேன், 1440 நிமிஷத்துக்கு உன்னுது" என்று முடிக்கும். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்நாலெட்ஜ் என்று படிச்சவங்க சொல்றது இந்த நாலு வரிதான். 50 சாவியும் வெளியே இருந்தால் முதல் கூவலுக்கே பதில் வராது. போன் கூவிக்கிட்டே நிக்கும். உங்க விருந்தாளிங்க பார்க்கிற சுற்றல் அதுதான்.

இப்போ ஒரு மணி ரகசியம். வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு வந்தவங்க போனுக்கு 24 மணி நேர லீஸ். போன் பாதி நேரத்திலேயே புதுப்பிச்சுக்கும். அதாவது ராத்திரி 1 மணிக்குப் புதுப்பிச்சு, ஞாயிறு ராத்திரி 1 மணி வரைக்கும் (சனி முடிஞ்சு வர்ற 1 மணி) எழுதி வாங்கிக்கும். அவங்க சனி காலை 11 மணிக்கு ரூமைக் காலி பண்ணி, காரில் ஏறி, டம்டம் பாறையெல்லாம் தாண்டி எங்க ஊருக்கே இறங்கி வந்துட்டாங்க. போகும்போது "முகவரியை வச்சுக்கோ" என்று எந்தப் போனும் சொல்லிட்டுப் போறதில்லை. ரவுட்டர் நோட்டில் அந்த ரூம்லாம் இன்னும் ஆள் இருக்கு. 12 ரூம், ரூமுக்கு 4 போன், 48. உங்க ஆட்கள், டிவி எல்லாம் சேர்த்தால் 50 எப்பவோ தாண்டியாச்சு. புதுசா வர்ற 48 பேர் ராத்திரி 1 மணி வரைக்கும் வாசலில் நிக்கணும்.

செய்ய வேண்டியது:
ஸ்டார்ட் ஐபி 192.168.1.50, எண்ட் ஐபி 192.168.1.250. லீஸ் டைம் 120 நிமிடம்.

11 மணிக்குக் கிளம்பினவரோட முகவரி அதிகம் போனா 1 மணிக்குள் திரும்பி வந்துடும். உங்க செக்-இன் எத்தனை மணி?

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, காலை 9:42

செக்-இன் 1 மணி. தம்பி, நீங்கள் எங்கள் காட்டேஜில் தங்கியிருக்கிறீர்களா என்ன!

ஊட்டி_ஸ்விட்ச்ரூம் | ஞாயிறு, காலை 10:15

வயர்மேன் சொன்னது சரி. ஆனால் சிசிடிவியை விட்டுவிட்டார். சிசிடிவி ரெக்கார்டரும் பிரிண்டரும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி வரம்புக்கு (பூல்) உள்ளேயே கையால் போட்ட முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன. ரவுட்டருக்கு அது தெரியாது. நெருக்கடி இல்லாத நாளில் அந்த எண்கள் வரை எண்ணிக்கை போகாது. சனிக்கிழமை போகும். கொடுப்பதற்கு முன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும் ரவுட்டர்கள் உண்டு, பார்க்காதவையும் உண்டு. தட்டிப் பார்த்தாலும், கரண்ட் போய் ரெக்கார்டர் அணைந்திருக்கும் நேரத்தில் தட்டினால் பதில் வராது. 120 யாரோ ஒரு விருந்தாளி போனுக்குப் போய்விடும். திரும்பக் கரண்ட் வந்ததும் ஒரே எண்ணில் இரண்டு பேர். உங்கள் ரவுட்டர் இன்வெர்ட்டரில், ரெக்கார்டர் நேர் லைனில் இருக்கிறதா?

ரவுட்டரை அணைத்துப் போட்டால் வேறு யாருக்கோ கட்டாகிறது என்றீர்களே, அதுவும் இதே கதைதான். வீட்டு ரவுட்டர்கள் பலவும் லீஸ் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அணைத்தால் நோட்டு காலி. பழைய போன்கள் தங்கள் எண்ணோடு இருக்க, புதிய போனுக்கும் அதே எண் போகலாம்.

பூலை 50-இல் தொடங்கினால் 2 முதல் 49 வரை உங்கள் சொந்தச் சாமான்களுக்கு. ரெக்கார்டர் 20, பிரிண்டர் 30 என்று வையுங்கள்.

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, காலை 10:31

ஆமாம், ரவுட்டர் இன்வெர்ட்டரில், கேமரா பெட்டி நேர் லைனில். இங்கே இடி இடித்தாலே கரண்டை எடுத்துவிடுவார்கள்.

பாக்கெட்_பார்வை | ஞாயிறு, பகல் 12:20

120 நிமிடமும் அதிகம். பொது வைஃபையில் 10 நிமிடம் போதும். இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மையான மேக் அட்ரஸை, அதாவது ரவுட்டர் ஒரு சாதனத்தை அடையாளம் காணும் எண்ணை, காட்டுவதில்லை, பொய் முகவரி காட்டுகின்றன. ஒரே போன் பத்து ஐபி முகவரி தின்னும். பூல் காலியாவது அதனால்தான்.

ஊட்டி_ஸ்விட்ச்ரூம் | ஞாயிறு, பகல் 12:48

பொய் முகவரி காட்டும் என்பது சரி. பத்து தின்னும் என்பது சரியில்லை. ஒரு வைஃபை பெயருக்கு ஒரு பொய் முகவரி என்பதே அவற்றின் வழக்கமான நடத்தை. அடுத்த நாள் அதே வைஃபைக்கு வந்தால் அதே முகவரியோடுதான் வரும். ஐபோனில் இப்போது சுழற்சி முகவரி என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதுகூட மணிக்கு ஒரு தரம் மாறுவதல்ல. இவருடைய கணக்கு 48, 48 என்று சாதாரணக் கூட்டலிலேயே இடிக்கிறது. அதற்கு மேல் பேய் தேட வேண்டியதில்லை.

கோத்தகிரி_கேபிள் | ஞாயிறு, பகல் 1:30

10 நிமிஷத்துக்கு எதிரா ஒரு வாதம் வழக்கமா வருமுங்க: அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எல்லா போனும் புதுப்பிச்சா ரவுட்டர் திணறிப்போகும்னு. அது சும்மா பேச்சுங்க. 100 போன், 300 விநாடி, மூணு விநாடிக்கு ஒரு சின்னப் பாக்கெட். எந்த டப்பா ரவுட்டரும் தாங்கும். "ரவுட்டர் செத்தா பத்து நிமிஷத்துல எல்லார் முகவரியும் போயிடும்"னு இன்னொரு வாதம். ரவுட்டரே செத்துட்டா முகவரியை வச்சு என்ன பண்றதுங்க?

ஆனா 10 நிமிஷம் வேணுங்கிற அளவுக்கு இவருக்கு நெருக்கடியும் இல்லை. 201 முகவரி இருக்கு. நான் கோத்தகிரியில ஒரு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அரை மணி வச்சிருக்கேன், எங்க வீட்டுக்கு ஒரு நாள். ஆள் எவ்வளவு நேரம் இருக்காங்களோ அதை ஒட்டி வைக்கணும், அவ்வளவுதானுங்க.

வத்தலக்குண்டு_வயர்மேன் | ஞாயிறு, மாலை 4:10

கோத்தகிரி அண்ணன் சொன்னதை ஆமோதிக்கிறேன். ஒரு பழங்கதையும் சேர்த்துக்கிறேன். டிஹெச்சிபிக்கு முன்னாடி பூட்பி என்று ஒன்று இருந்தது, 1985-இல் வந்தது. அதில் எந்த இயந்திரத்துக்கு எந்த முகவரி என்று ஆள் உட்கார்ந்து எழுதி வைக்கணும், வாடகைக்கு விட்டுத் திரும்ப வாங்குற பேச்சே கிடையாது. 1993-இல் டிஹெச்சிபி வந்தப்பதான் ‘லீஸ்’ வந்தது. இப்போ நாம புழங்குறது 1997 மார்ச்சில் திருத்தி எழுதினது. விஷயம் இவ்வளவு பழசு, நாம இன்னும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கிறதில்லை.

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 9:15

மாற்றிவிட்டேன். 50 முதல் 250, 120 நிமிடம். கேமராவை 20-க்கும் பிரிண்டரை 30-க்கும் கொண்டுபோக மதியம் முழுக்க ஆனது. ரெக்கார்டர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் சாவிக்கொத்தில் தொங்கிய சீட்டில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

மஞ்சூர்_மூடுபனி | திங்கள், காலை 11:05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் 300 சாதனம் வரும் போலிருக்கிறது. 250-க்கு மேல் எப்படிப் போவது?

ஊட்டி_ஸ்விட்ச்ரூம் | திங்கள், மதியம் 2:40

ஒரு நெட்வொர்க்கின் அளவை வரையறுக்கும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0-இலிருந்து 255.255.254.0 ஆக்கினால் 254 முகவரி என்பது 510 ஆகும். கையால் முகவரி போட்ட ஒவ்வொரு பெட்டியிலும் மாஸ்க்கை மாற்ற மறக்காதீர்கள், ஒன்றை விட்டாலும் அது பாதிப் பேரைப் பார்க்காது. 300 சாதனம் என்றால் எனக்கு அதைவிட இரண்டு தனி நெட்வொர்க் பிடிக்கும். உங்கள் சாதன விவரத்தோடு தனி இழை தொடங்குங்கள், இங்கே இவர் கதை முடியட்டும்.

வில்பட்டிக்காரன் | வியாழன், இரவு 8:20

கதை முடியவில்லை. புதுத் தலைவலி.

மேட்டுக் கட்டடத்தில் இரண்டு நாளாக வைஃபை சேர்கிறது, முழுக் கோடும் காட்டுகிறது, நெட் மட்டும் வருவதில்லை. கீழேயும் ஒன்றிரண்டு பேருக்கு அப்படியே. என் போனிலேயே மேலே போனால் ஒருமுறை வருகிறது, ஒருமுறை வருவதில்லை. லீஸைக் குறைத்ததால் இருக்குமோ என்று மறுபடி 1440-க்கே மாற்றலாமா என்று கை துடிக்கிறது.

வத்தலக்குண்டு_வயர்மேன் | வியாழன், இரவு 8:33

கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்கண்ணே. நெட் வராத போனில் வைஃபை விவரத்தைத் திறந்து, ஐபி முகவரியும் கேட்வேயும் (வெளியே போற வாசலோட முகவரி) என்ன காட்டுது என்று அப்படியே எழுதுங்க.

வில்பட்டிக்காரன் | வியாழன், இரவு 8:51

ஐபி 192.168.0.103. கேட்வே 192.168.0.1.

கோத்தகிரி_கேபிள் | வியாழன், இரவு 8:55

0.103-ஆ? உங்க ரவுட்டர் 192.168.1 வரிசையில்ல கொடுக்குது! உங்க வீட்டுக்குள்ள இன்னொருத்தர் சாவி கொடுத்துட்டு இருக்காருங்க. புதுசா ஏதாவது மாட்டினீங்களா?

வில்பட்டிக்காரன் | வியாழன், இரவு 9:20

செவ்வாய்க்கிழமை மச்சான் வந்திருந்தார். மேட்டில் சிக்னல் குறைவு என்றேன், அவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மேல்கட்டடத்தில் நெட் வயர்களைப் பிரிக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து மாட்டிவிட்டுப் போனார். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் நம்முடையதே. சிக்னல் நன்றாக ஏறியதால் அதை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஊட்டி_ஸ்விட்ச்ரூம் | வியாழன், இரவு 9:37

மச்சானின் நோக்கம் நல்லது, வயர் போன ஓட்டை தவறு. உள் நெட்வொர்க்குக்கான லேன் போர்ட்டில்தானே மாட்டினார்?

போனின் முதல் கூவல் அந்த நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். இரண்டு ரவுட்டரும் பதில் சொல்லும். பெரும்பாலான போன்கள் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொள்ளும். மேட்டில் இருப்பவருக்குப் பழைய ரவுட்டர் பக்கத்தில், அதன் பதில் முந்தும். கீழே எப்போதாவது முந்தும். முந்தினால், "வெளியே போக 192.168.0.1-ஐக் கேள்" என்று சொல்லும். அந்தப் பெட்டிக்கே வெளியே போக வழி கிடையாது, வெளி நெட் வந்து சேர வேண்டிய அதன் வேன் போர்ட் காலியாக இருக்கிறது. கோடு முழுதாக, நெட் இல்லாமல்.

இது மாட்டியவர் தெரிந்ததால் இன்றைக்குச் சுலபம். தெரியாவிட்டால் என்ன செய்வது என்று படிப்பவர்களுக்காக: விண்டோஸ் லேப்டாப்பில் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ கொடுத்தால் எந்த டிஹெச்சிபி சர்வர் முகவரி கொடுத்தது என்று ஒரு வரி இருக்கும். அதன் மேக் அட்ரஸின் முதல் ஆறு எழுத்தெண்கள் தயாரித்த கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஸ்விட்சில் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதுதான். அதே லேப்டாப் 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டினால் அது வேறு நோய், யாருமே சாவி கொடுக்கவில்லை என்று அர்த்தம். போன வாரம் லேப்டாப் கொண்டுவந்த விருந்தாளிகள் அதைத்தான் பார்த்திருப்பார்கள்.

கோத்தகிரி_கேபிள் | வியாழன், இரவு 9:50

மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு: டிஹெச்சிபி சர்வர் பக்கத்துலயே ‘அலர்ட்ஸ்’னு ஒரு தாவல் இருக்குதுங்க. நம்ம சர்வரோட மேக் அட்ரஸைக் கொடுத்து வச்சா, வேற யாராவது முகவரி கொடுக்க வந்தா அவங்க மேக் அட்ரஸைப் போட்டுக் காட்டிடும். லீஸ் பட்டியலையும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வட்டுல எழுதி வச்சுக்கும், கரண்ட் போனா நோட்டு காலியாகாது. இவரு உடனே வாங்கணும்னு சொல்லலைங்க. 12 ரூமுக்கு இருக்கிறதே போதும்.

பாக்கெட்_பார்வை | வியாழன், இரவு 10:02

பழைய ரவுட்டரில் வயரை லேனிலிருந்து வேனுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அதன் டிஹெச்சிபி அதன் பின்னாலேயே அடங்கிவிடும், நெட்டும் வரும்.

வத்தலக்குண்டு_வயர்மேன் | வியாழன், இரவு 10:20

நெட் வரும்தான். ஆனால் மேலே ஒரு முகவரி வரிசை, கீழே ஒரு முகவரி வரிசை ஆயிடும். மேலே இருந்து கீழே நடந்து வர்ற ஆள் போன் இடையில் திணறும், பேசிக்கிட்டிருக்கிற வீடியோ கால் அறுந்து போகும். அதை ஆக்சஸ் பாயின்ட்டா, அதாவது முகவரி கொடுக்காம வைஃபை சிக்னல் மட்டும் கொடுக்கிற பெட்டியா, ஆக்குறதுதான் சுத்தம். அண்ணே, இந்த வரிசையிலேயே செய்யுங்க, மாத்திச் செஞ்சா பெட்டிக்குள்ள நுழைய முடியாம வெளியே நிப்பீங்க:

முதலில் பழைய ரவுட்டரை மெயின் வயரிலிருந்து கழட்டி, லேப்டாப்பை மட்டும் அதில் மாட்டுங்க. அதோட லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்க, சேமிச்சதும் அது மறுபடி ஏறும். புது முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபி சர்வரை அணைங்க. 192.168.1.2 என்று ஒரு சீட்டில் எழுதி ரவுட்டர் முதுகிலேயே ஒட்டுங்க, ஏன்னா இனிமே அது யாருக்கும் முகவரி கொடுக்காது, நீங்களாத்தான் ஞாபகம் வச்சுப் போகணும். அப்புறம் வயரை லேன் போர்ட்டிலேயே மாட்டுங்க. கீழே வைஃபை சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11.

நெட் கம்பெனி கொடுத்த பெட்டியிலும் டிஹெச்சிபி ஓடும், அதைத் தொடாதீங்க. அது உங்க மெயின் ரவுட்டரோட வேன் பக்கம்தானே இருக்கு, அந்தப் பேச்சு உள்ளே வராது.

பாக்கெட்_பார்வை | வியாழன், இரவு 10:34

ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள்: விருந்தாளி போனும் கேமரா ரெக்கார்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. மெயின் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் அதைத்தான் அறைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

ஊட்டி_ஸ்விட்ச்ரூம் | வியாழன், இரவு 10:41

இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சிக்கல், மேலே உள்ள பழைய ரவுட்டருக்கு அந்தப் பிரிவு தெரியாது. அதற்கு விலேன் (ஒரே வயரில் நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் முறை) தெரிந்த ஸ்விட்சும் ஆக்சஸ் பாயின்ட்டும் வேண்டும். சீசன் முடிந்ததும் ஜூனில் செய்யலாம். அதுவரை ரெக்கார்டர் பாஸ்வேர்டை மட்டுமாவது மாற்றுங்கள். சாவிக்கொத்துச் சீட்டையும் எடுத்துவிடுங்கள்.

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, காலை 7:30

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேட்டில் ஏறி, தம்பி சொன்ன வரிசையில் செய்தேன். ஒருமுறை வரிசை மாற்றியும் செய்தேன். வெளியேதான் நின்றேன். ரீசெட் ஓட்டையில் ஊசி குத்தி, மறுபடி முதலிலிருந்து.

நேற்று 12 அறையும் நிறைந்தது. மதியம் 2 மணிக்கு லீஸ் பட்டியலை எண்ணினேன், 71. ஒருத்தர்கூட கவுன்டருக்கு வரவில்லை. மாலை 5 மணிக்கு இடி, கரண்ட் போய் முக்கால் மணி கழித்து வந்தது. கேமரா தானாகவே எழுந்து வந்துவிட்டது. மச்சானிடம் போனில் சொன்னேன், "நான் மாட்டினதாலதானே சிக்னல் வந்துச்சு" என்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை.

ஒரு சின்னக் கேள்வி மட்டும். பட்டியலில் பெயரே இல்லாமல் ஒரு சாதனம் எப்போதும் இருக்கிறது, ராத்திரி மூணு மணிக்கும் இருக்கிறது. 192.168.1.63. அது யார்?

கோத்தகிரி_கேபிள் | ஞாயிறு, காலை 8:12

எந்த ரூம்லயாவது ஸ்மார்ட் டிவியை ஸ்டாண்ட்பையில விட்டிருப்பாங்க. ஒவ்வொண்ணா பிளக்கைப் பிடுங்கிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பட்டியலைப் பாருங்க.

வில்பட்டிக்காரன் | ஞாயிறு, பகல் 12:05

டிவி இல்லை. சமையல்காரர் பழைய போனில் பாட்டுப் போட்டு அடுக்களை ஜன்னல் மேல் சார்ஜிலேயே வைத்திருக்கிறார்.